முறிவதற்கு முன் நிறுத்துகிறவர்

அக்கா எந்தப் படத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. வில்லன் கதாநாயகியின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் வந்தால் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார். இதற்கு மேல் தெரிந்ததுதானே என்பார். அவருடைய அண்ணி மட்டும் அசையாமல் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வருவார். நானும் அக்காவும் தியேட்டர் வாசலில் வேர்க்கடலை கொறித்தபடி அவருக்காகக் காத்திருப்போம்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். இன்னும் இரண்டு வாய் இறங்கும் என்று பார்க்கிறவர்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் எழுந்து கை கழுவிவிடுவார். தொலைபேசியில் நாம் கடைசி வாக்கியத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது மறுமுனை அடங்கியிருக்கும். பங்குனி உற்சவத்தில் சாமி பார்க்கத் தெருமுனையில் எல்லோரோடும் நிற்பார். மேளம் கேட்கும். திருப்பத்தில் குடை தெரியும். குடை தெரிந்ததும் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார். குடை வந்துவிட்டால் சாமி வரத்தானே போகிறது, அதற்கு எதற்கு இடிபட வேண்டும் என்பது அவர் நியாயம்.

கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். கூட வேலை பார்த்த எனக்கு அலுப்பாக இருந்தது. ஒரு பொருள் எப்போது முறிகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழில்.

பெரிய காஞ்சிபுரத்தில், இரண்டு பக்கமும் நெசவாளர் வீடுகள் உள்ள ஒரு தெரு. தெருவாசலிலிருந்து பின்வாசல்வரை ரயில்பெட்டி போல நீளும் வீடு. நடுவில் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் அண்ணனும் அண்ணியும் மூன்று தறிகளும். முன்பாதி அக்காவின் பங்கு. அதில் அவர் உலோகச் சோதனைக்கூடம் வைத்திருந்தார். உலோகவியலில் முதுகலை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நான் அங்கே சேர்ந்தேன். அவரும் நானும் தவிர வேறு ஆள் கிடையாது.

சோதனை பார்க்க எளிமையானது. ஓர் இரும்புச் சட்டம். அதன் நடுவில் குழாய் போன்ற மின்சார உலை. உலைக்குள், சுண்டுவிரல் பருமனில் நிக்கல் கலவையால் ஆன ஒரு கம்பி. மேலே ஒரு நெம்புகோல். அதன் ஒரு முனை கம்பியைப் பிடித்திருக்கும், மறுமுனையில் எடைகள் தொங்கும். கம்பி சிவக்கச் சூடாகும், எடை இழுத்துக்கொண்டே இருக்கும். உடனே முறிக்கிற எடை அல்ல அது. கம்பி தாங்கும். தாங்கிக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாமல், வாரக்கணக்கில் நீளும். விமான எஞ்சினில், கார்களின் டர்போவில், நெருப்புக்கு நடுவே சுழலும் உறுப்புகளை இந்தக் கலவையில்தான் செய்கிறார்கள். எத்தனை காலம் தாங்கும் என்று தெரியாமல் அவற்றைச் சுழலவிட முடியாது.

நீட்சியைக் கோடாக வரைந்தால் அதற்கு மூன்று பகுதி இருக்கும். முதலில் கொஞ்சம் வேகமாக நீண்டு அடங்கும். பிறகு நெடுநாள் ஒரே சீராக, ஏதும் நடக்காதது போலப் போகும். கடைசியில் தலையைத் தூக்கும். தலை தூக்கினால் பிறகு அவசரம்தான், முறிந்துவிடும். அக்கா அந்தத் தலை தூக்கும் இடத்துக்காகக் காத்திருப்பார். கோடு லேசாக நிமிர்ந்ததும் எடையைத் தாங்கும் ஜாக்கியை ஏற்றி, சுமையை இறக்கி, உலையை அணைத்துவிடுவார்.

ஒருமுறை கேட்டேன், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முறிந்திருக்குமே என்று.

"முறிஞ்ச மொகத்தப் பாத்து ஒண்ணும் புரியாதும்மா. உலைக்குள்ளயே கெடந்து கருத்துப்போயிடும். முறியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்து அறுத்துப் பாரு. எங்க வலிக்குதுன்னு அதுவே காட்டும்."

அவர் சொன்னது தவறில்லை. நிறுத்தி எடுத்த கம்பியை நெடுக்காக அறுத்து, கண்ணாடி போல மெருகேற்றி, அமிலம் தொட்டு நுண்ணோக்கியில் வைத்தால் உலோகத்தின் படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புகள் தெரியும். களைத்த உலோகத்தில் அந்த விளிம்புகளில் பொடிப்பொடியாகப் பொத்தல் விழுந்திருக்கும். ஒரு வாடிக்கையாளரின் கம்பியில் பொத்தல்கள் ஒரே பக்கத்தில் இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்துச் சொன்னார். வார்ப்பு அச்சின் ஒரு பக்கம் சீக்கிரம் ஆறுகிறது என்று தெரிந்து அவர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அந்தப் பொறுமை இல்லை. எத்தனை மணி நேரத்தில் முறிந்தது என்ற ஓர் எண் போதும் அவர்களுக்கு. அந்த எண் எங்களிடம் கிடைக்காது என்று தெரிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். என் கணினியில் முடிவில்லாத கோடுகள் சேர்ந்துகொண்டே போயின.

அண்ணிக்கு எங்கள் வேலைமேல் மரியாதை கிடையாது. ஆனால் ஆர்வம் உண்டு. சுவரில் இருந்த கதவைத் திறந்துகொண்டு, கையில் முறத்தோடு வந்து உட்காருவார். அப்படி என்னதான் அந்தக் கம்பிக்குள் இருக்கிறது, சிவக்கக் காய்ச்சினாலும் ஏன் இளகவில்லை என்று ஒருநாள் கேட்டார். உள்ளே நெருக்கமாக அடுக்கிய பொடிக் கட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் நிக்கலும் அலுமினியமும் இடம் மாறாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன என்று அக்கா ஆரம்பித்தார். உலோகம் வளையவோ நீளவோ வேண்டுமென்றால் உள்ளே அணு வரிசையில் ஒரு பிசகு வரிசை வரிசையாக நகர வேண்டும். சாதாரண உலோகத்தில் அது சுலபமாக நகரும். இந்தக் கட்டத்துக்குள் நுழைவது அவ்வளவு சுலபம் இல்லை.

"மொதல்ல வர்றவன் வரிசையக் கலைச்சிட்டுப் போவான் அண்ணி. பின்னாடியே இன்னொருத்தன் வந்து அதச் சரி பண்ணணும். ரெண்டு பேரும் ஜோடியாத்தான் உள்ள போக முடியும். தனியா வந்தா வாசல்லயே நின்னுடுவான்."

"நம்ம வூடு மாதிரின்னு சொல்லு. உங்கண்ணன் கலைப்பாரு, நான் பின்னாடியே எடுத்து வெச்சிக்கினே போவேன்."

சுவருக்கு அப்பால் தறிச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

இன்னொரு விஷயமும் அக்கா சொன்னார். மற்ற உலோகங்கள் சூடேறச் சூடேறத் தளரும். இந்தக் கட்டங்கள் ஓர் அளவுவரை சூடு ஏற ஏற முரண்டு பிடிக்கும். உள்ளே போன ஜோடி பக்கத்துத் தளத்துக்குத் தாவி அங்கே சிக்கிக்கொள்ளும். அந்த அளவையும் தாண்டினால்தான் இளக்கம். அப்புறம் எடையும் சூடும் சேர்ந்து நெடுநாள் இழுத்தால் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை பலகையாக ஆகிவிடும். பிசகுகள் கட்டத்தைத் துளைக்க முடியாவிட்டால் ஓரமாக ஏறிச் சுற்றிக்கொண்டு போகும். அதற்குக் கூடுதல் எடை தேவையில்லை, நேரம் இருந்தால் போதும். அண்ணி முறத்தில் இருந்த உளுந்தில் கல் பொறுக்கினார்.

அக்காவின் கல்யாணம் பற்றி எனக்குச் சொன்னதும் அண்ணிதான். சென்னையில் புருஷனோடு சில வருஷம் இருந்துவிட்டு ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாராம். அடித்தாரா என்று கேட்டதற்கு இல்லை. வேறு தொடுப்பா என்றால் இல்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை, ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது, அதனால் வந்துவிட்டேன் என்று பதில். அந்த மனிதர் இன்னமும் தீபாவளிக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வருகிறார். அக்காவும் காபி போட்டுக் கொடுக்கிறார். இருவரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

"சண்ட போட்டுட்டு வந்திருந்தா சமாதானம் பண்ணி அனுப்பலாம். சண்டையே போடாம வந்தவள எங்கன்னு அனுப்பறது, சொல்லு" என்றார் அண்ணி.

முனைவர் பட்டமும் இதே கதைதான். ஆய்வு முடிந்து, எழுதுவது மட்டும் பாக்கி இருந்தபோது விட்டுவிட்டார். வழிகாட்டிக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு வரும்போல இருந்ததாம். எனக்கு அவரைப் பிடிக்கும். நிதானமானவர், குரலை உயர்த்தாதவர், தெரியாததைத் தெரியாது என்பவர். ஆனால் அவரோடு இருக்கும்போது நான் எப்போதும் ஒரு கண் விழித்தே இருந்தேன். என்னிடம் எது தலை தூக்கினால் என்னையும் இறக்கி வைப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து அண்ணன் வந்தார். மகளும் மருமகனும் ஊரோடு வந்துவிடப் போகிறார்கள், இரண்டு பேருமே தறியில் உட்காருகிறவர்கள், கடைக்காரர்கள் கேட்கிற சேலையை மூன்று தறியால் கொடுக்க முடியவில்லை, இன்னும் இரண்டு தறி போட இடம் வேண்டும் என்று இழுத்தார். முன்பாதி என்று அவர் சொல்வதற்குள் அக்கா எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. மறுப்பாள், பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று பல நாள் தயாராகி வந்த மனிதர். பேச்சு இல்லாமலே கிடைத்ததை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு, உன் மெஷினெல்லாம் எங்கே போகும் என்று கேட்டார்.

அதற்குப் பதில் ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே சின்னதாகப் பவுண்டரி வைத்திருந்த ஒருவர் டர்போ சக்கரங்களை நிக்கல் கலவையில் வார்க்கப் பழகிக்கொண்டிருந்தார். வாங்க முன்வந்த நிறுவனம், ஒரு கம்பியை முறியும்வரை சோதித்த அறிக்கை கேட்டது. பவுண்டரிக்காரர் எங்களைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"உங்க பழக்கம் எனக்குத் தெரியும் மேடம். இந்த ஒண்ண மட்டும் முறியற வரைக்கும் ஓட்டிக் குடுங்க. என் ஷெட்டுலயே ஒரு பக்கம் தடுத்து உங்களுக்கு விட்டுடறேன். என் வேலை எல்லாத்தையும் நீங்களே பாருங்க."

அக்கா ஒத்துக்கொண்டார். வேறு வழியும் இல்லை. இந்தக் கம்பி ஒழுங்காக முறிந்தால் சோதனைக்கூடம் பிழைக்கும், அண்ணனுக்கு இடம் கிடைக்கும். முறியாமல் நிறுத்தினால் சட்டங்களைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும். எனக்கும் வேலை இருக்காது. முன்பிருந்த இரண்டு சட்டங்களிலும் பழைய சோதனைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் முந்தின வருஷம் வாங்கி மூலையில் நிறுத்தியிருந்த மூன்றாவது சட்டத்தில் கம்பியை ஏற்றினோம். தறிகள் அடிக்கும் அடியில் சட்டம் அதிர்கிறது என்று நீட்சியை அளக்கும் கருவியைப் பக்கத்துச் சுவரில் பொருத்தினோம். நெம்புகோலின் முனை எவ்வளவு இறங்குகிறது என்று அது சொல்லும். அதிலிருந்து கம்பி எவ்வளவு நீண்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அப்புறம் வெயில் காலம். உலைப்பக்கம் காற்று பட்டால் சூடு மாறும் என்று விசிறி போட மாட்டோம். புழுக்கத்தில் உட்கார்ந்து கோட்டைப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை. தினமும் காலையில் அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னாம்மா, முறிஞ்சிதா?"

"இல்லண்ணா."

"நல்ல இரும்பாத்தான் இருக்குது."

"இரும்பு இல்லண்ணா, நிக்கல்."

"எதுவோ ஒண்ணு. என் மருமவன விட அழுத்தமா இருக்குது."

ஒரு ஆணி முறிவதற்காக ஒரு குடும்பமே காத்துக்கொண்டிருக்கிறது என்று அண்ணி உள்ளிருந்து சொல்வது கேட்கும். மகளுக்குப் பதில் சொல்லவேண்டியது அவர்தான். இன்று நாளை என்று எத்தனை நாள் சொல்வார்.

கோடை மழை ஒன்று பெய்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, கூரைத் தண்ணீர் முன்வாசலில் தேங்கி நின்றது. அதற்கடுத்த நாள் கோடு தலை தூக்கியது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம். இந்தக் கலவை இவ்வளவு சீக்கிரம் தளர்ந்தால் வார்ப்பே சரியில்லை என்று பொருள். பவுண்டரிக்காரருக்கு போன் செய்தேன். விதி அப்படியென்றால் முறியட்டும், எண்ணாவது கையில் கிடைக்கும் என்றார்.

அக்கா சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜாக்கியின் கைப்பிடியைத் தொடுவார், விடுவார். வாசலுக்குப் போய் நிற்பார், திரும்பி வருவார். முறியட்டும் அக்கா, அதற்குத்தானே ஏற்றினோம் என்று நான் சொன்னேன். ரொம்ப சீக்கிரமா போகுதும்மா, ரொம்ப சீக்கிரம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் வந்தபோது எடை இறங்கியிருந்தது. உலை அணைந்து குளிர்ந்திருந்தது.

நான் கத்தவில்லை. கத்துகிற வழக்கம் எனக்கில்லை. மனதுக்குள் போனவற்றை அடுக்கிப் பார்த்தேன்: ஷெட், பவுண்டரிக்காரரின் ஆர்டர், அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு, என் வேலை. அடுக்கி முடித்ததும் களைப்பாக இருந்தது. பையை மாட்டிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் கழற்றிய கம்பியை அளந்து குறித்துக்கொள்வது முறை. அதை மட்டும் செய்துவிட்டுப் போகலாம் என்று மைக்ரோமீட்டரை எடுத்தேன்.

கம்பி நீளவே இல்லை. அதாவது, கருவி சொன்ன அளவில் ஒரு சிறு பங்குகூட நீளவில்லை. மறுபடி அளந்தேன். அக்காவிடம் கொடுத்தேன், அவரும் அளந்தார். பிறகு அதை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தார். மதியம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புகள் சுத்தமாக இருந்தன. ஒரு பொத்தல் இல்லை. உலோகம் சோர்ந்ததற்கு அடையாளமே இல்லை. கம்பி நீளவில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று இறங்கியிருக்கிறது. சுவரும் கருவியும் அப்படியே இருக்கின்றன.

அண்ணனைக் கூப்பிட்டோம். வந்தவர் சட்டத்தின் காலடியில் குந்தினார். சிமெண்டுத் தரையை விரல் முட்டியால் தட்டினார். நாலடி தள்ளித் தட்டினார். இரண்டு சத்தமும் வேறுவேறாக இருந்தன.

"இது நம்ம பழைய தறிக்குழி பாப்பா. மறந்துட்டியா?"

"அத மூடிட்டோமேண்ணா."

"மூடினோம். இடிச்ச செவுத்துக் கல்லையும் மண்ணையும் போட்டு மூடினோம். இன்னும் ரெண்டு நாள் திமிசு போட்டு இடிக்கணும்னு நான் சொன்னேன். நீதான் போதும் வுடுண்ணான்னு சொன்ன. மேல சிமெண்டு பூசிட்ட."

நெசவுக்காரரின் கால்கள் தொங்குவதற்காகத் தோண்டிய பள்ளம். சரியாகக் கெட்டிக்காத மண்மேல் சட்டம் நின்றிருக்கிறது. எங்கள் எடையும், பக்கத்து அறைத் தறிகள் நாளெல்லாம் அடித்த அடியும் சேர்ந்து அந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கியிருக்கின்றன. மழை ஈரம் இறங்கியதும் வேகமாக அமுங்கியிருக்கிறது. முதலில் சீரான கோடு, கடைசியில் தலை தூக்கல். உலோகம் செய்வது போலவே தரை செய்திருக்கிறது.

"அப்போ இத்தினி நாளா நாம அளந்தது தரைய" என்றார் அக்கா.

கதவருகே நின்றிருந்த அண்ணி, இவள் எதைத்தான் முழுசாக முடித்தாள், குழியை மட்டும் முழுசாக இடிப்பதற்கு என்றார். அக்கா முன்கூட்டி நிறுத்தியதால்தான் தவறு தெரியவந்தது. இன்னும் விட்டிருந்தால் சட்டம் சாய்ந்து, கம்பி கோணலாக இழுபட்டு முறிந்து, நல்ல வார்ப்புக்குக் கெட்ட பெயர் வந்திருக்கும். அக்கா முன்கூட்டி நிறுத்தியதால்தான் அந்தத் தவறும் பிறந்திருந்தது. பவுண்டரிக்காரர் நேரில் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டுவதா கும்பிடுவதா என்று அவருக்குப் புரியவில்லை. அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அதே வார்ப்பில் எடுத்த இன்னொரு கம்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கெட்டித் தரையில் நின்ற முதல் சட்டத்தைக் காலி செய்து புதுக் கம்பியை ஏற்றினோம். எல்லாம் முதலிலிருந்து. அண்ணன் தன் மகளுக்குப் போன் செய்து இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அண்ணி அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். சுவர்க்கதவு சாத்தியே இருந்தது.

அந்த வாரங்களில்தான் அக்காவைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டுக்குள் ஒரு சண்டை தலை தூக்கிக்கொண்டிருந்தது. அவர் வழக்கப்படி இந்நேரம் பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். என்னிடமே ஐயம்பேட்டையில் வாடகைக்கு அறை கிடைக்குமா என்று கேட்டார். ஆனால் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் போட வேண்டும், சூடு ஏறினால் இறக்க வேண்டும். ஒருநாள் தண்ணீர்க் குழாயில் ஆரம்பித்தது. சுவர் வழியாகக் கேட்டேன். குழாயிலிருந்து குழிக்கு, குழியிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து புருஷன் வீட்டை விட்டு வந்த கதைக்கு. அண்ணி கத்தினார். அதற்கு மேல், நான் அதுவரை கேட்டிராத குரலில், அக்கா கத்தினார். எனக்கு மட்டும் போக ஓர் இடமிருக்கிறதா என்று கேட்டார். மூன்று தறிகளும் நின்றன. யாரும் நடுவில் போகவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் அடங்கியது.

அடுத்த நாள் கதவு திறந்திருந்தது. மேசைமேல் மூடி போட்ட கிண்ணத்தில் வத்தக்குழம்பு இருந்தது. அக்கா அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

கோடு இந்த முறை நெடுநாள் படுத்துக் கிடந்தது. வாங்குகிறவர்கள் கேட்ட மணிக்கணக்கைத் தாண்டிய அன்று பவுண்டரிக்காரர் ஷெட்டில் தடுப்பு கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் அது முறியவில்லை. மெல்லத் தலை தூக்கிய பிறகு அக்கா முன்பாதியில் இருப்பதையே தவிர்த்தார். வெங்காயம் நறுக்கப் பின்பக்கம் போவார், தறியில் அறுந்த இழையை முடிய உட்காருவார். இப்போது நான் வேலை பார்க்கும் பெரிய ஆய்வகத்தில் கம்பி முறிவது எந்த நேரமும் நடக்கிறது. முறிந்தால் எந்திரமே எண்ணை எழுதிவிடும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு நான் மட்டும் அறையில் இருந்தேன். சாப்பாட்டு நேரம். நெம்புகோல் சட்டென்று விழுந்து கீழே போட்டிருந்த மணல் மூட்டையில் அடித்தது.

பின்பக்கமிருந்து எல்லோரும் வந்தார்கள். அண்ணி அவசரத்தில் எச்சில் கையோடு வந்தார். அக்கா கடைசியாக வந்து கதவருகே நின்றார்.

உலை குளிர நேரமெடுத்தது. சாயங்காலம் இரண்டு துண்டுகளையும் வெளியே எடுத்தேன். முறிந்த பின் கடைசி நீளம் பார்க்க வேண்டும். துண்டுகளை முறிந்த இடத்தில் ஒன்றாகப் பொருத்தி, அசையாமல் அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் அளக்க வேண்டும். அக்காவைப் பார்த்தேன். அவர் வந்து உட்கார்ந்து இரண்டு துண்டுகளையும் வாங்கினார். கருத்துப்போன முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றை மெல்லச் சுழற்றி மற்றதில் பொருத்தினார். ஒரு கோணத்தில் அவை மயிரிழை தெரியாமல் சேர்ந்தன. இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டார்.

அப்போது அண்ணன் தெருப்பக்கமிருந்து கடப்பாரையோடு வந்தார். புதுத் தறி போடக் குழியைத் திரும்பத் தோண்டும் நாளுக்காக அதைத் தீட்டி வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றார்.

"ஆரம்பிக்கட்டுமா பாப்பா?"

"இருண்ணா. அளந்துக்கினு இருக்கோம்."

அண்ணன் கடப்பாரையைத் தரையில் ஊன்றவில்லை. ஊன்றினால் அதிரும் என்று அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கனமான கடப்பாரை. நான் அளந்து, எழுதி, மறுபடியும் அளந்து முடிக்கும்வரை அவர் கை மாற்றவில்லை. அக்காவும் தலை நிமிரவில்லை.